இறங்குவது வேறு, இறக்குவது வேறு

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். பகல் முழுக்க மனிதர்களை மேலே ஏற்றுவது அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் காரைக் கீழே இறக்குவது அவர் லட்சியம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்ததுதான் இந்தக் கதை.

அந்த வியாதி எங்கே தொற்றியது என்று கேளுங்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில். லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வெளியே வந்தார். எதிரே ஒரு கார் நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது, படுத்திருந்தது. வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சக்கரங்கள் நாலும் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து, கீழே அகட்டிக்கொண்டு இருந்தன. டயர் என்று பேருக்கு ஒரு ரப்பர் வளையம். சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று சட்டை நுனியால் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. "சார், நாலு டயரும் பஞ்சர் போல இருக்கே?" என்றார்.

சொந்தக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பரிதாபத்தை நம்மவர் ஆயுசுக்கும் மறக்கவில்லை. "பஞ்சரா? சார், இது நிலை! வண்டி தரையோட ஒட்டி நிக்கிற நிலை! கண்ணை மூடிக்கிட்டு கையை விட்டுப் பாருங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு விரல் நுழையுதா?"

நுழையவில்லை. வெளியே வந்த விரலில் கிரீஸ். நம்மவர் கண்ணில் கண்ணீர். ஆள் விழுந்துவிட்டார்.

சொந்தக்காரர் தொழிலில் பல் டாக்டர். பல்லில் பள்ளம் பார்த்து அடைப்பவர். சாலையில் உள்ள பள்ளங்களையும் ஒன்று விடாமல் மனப்பாடமாகச் சொல்வார். அதனால் நண்பர்கள் வைத்த பெயர் 'பள்ளம்'. தரைதட்டிகள் வட்டம் என்று ஒரு சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பொருட்காட்சி மைதானத்தில் கூடுவார்கள். கூடி? ஓட்ட மாட்டார்கள். ஓட்டினால் உடையும். வரிசையாக நிறுத்திவிட்டுச் சுற்றிச்சுற்றி வந்து பார்ப்பார்கள். ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதே தனி முறை.

"உரசுச்சா?"

"உரசுச்சு!"

"எங்க?"

"ஆஸ்பத்திரி திருப்பத்துல. சைலன்சர் போச்சு."

"வாழ்த்துகள்!"

வயசான பெரிய மனுஷங்கள், படித்தவர்கள், இப்படிப் பேசிக்கொண்டு நிற்பார்கள். இதில் உறுப்பினராகச் சேர ஒரே ஒரு தேர்வு. சோடா டப்பா ஒன்றை நிமிர்த்தி வைத்து வண்டிக்கு அடியில் தள்ளுவார்கள். டப்பா உள்ளே போனால் ஆள் வெளியே. டப்பா முட்டி நின்றால் ஆள் உள்ளே. அத்தனை பேரிலும் தாழ்ந்து நிற்கும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கோப்பை உண்டு. கோப்பை நாளுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

நம்மவர் வீட்டு முன்னறைதான் அவர் மனைவியின் தையல் கடை. புதுத் துணி தைப்பது குறைவு. பெரியதைச் சின்னதாக்குவது, சின்னதைப் பெரியதாக்குவது, ஏற்றுவது, இறக்குவது, இதுதான் வேலை. கோப்பையை வாங்கியே தீருவது என்ற சபதத்தோடு நம்மவர் உள்ளே நுழைந்தபோது ஒரு குமாஸ்தா புது பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணே," என்றாள் மனைவி.

"எதுக்கும்மா? கச்சிதமா இருக்கே."

"நிக்கிறப்ப எல்லா பேண்ட்டும் கச்சிதமாத்தான் இருக்கும். உக்காந்தாத்தான் அளவு தெரியும்."

குமாஸ்தா முக்காலியில் உட்கார்ந்தார். 'டர்ர்' என்றது. "அரை இஞ்சு விட்டுத் தரேன்," என்று சாக்பீஸால் கோடு போட்டாள். நம்மவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குமாஸ்தா போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம காரை இறக்கப் போறேன்."

"எங்கேருந்து? மாடியிலயா நிக்குது?"

"கிண்டல் பண்ணாதே. உயரத்தைக் குறைக்கப் போறேன். ஸ்பிரிங்கை மாத்தி, சக்கரத்தை மாத்தி, அப்படியே கீழ."

"இப்பவே கீழதானே இருக்கு?"

"இன்னும் கீழ."

"இன்னும் கீழன்னா மண்ணுக்குள்ள. தோண்டிப் புதைக்கிறதுக்கு ஸ்பிரிங் எதுக்கு?"

"உன் தொழில்லயே சொல்றேன், கேளு. ஒருத்தன் பேண்ட் கணுக்காலுக்கு மேல ஏறி நின்னா நீ விடுவியா? இறக்கம் போதலேன்னு சொல்லுவியா இல்லையா? நம்ம வண்டியப் பாரு. டயருக்கு மேல நாலு விரல் இடைவெளி. ஒட்டகம் மாதிரி நிக்குது. தெருவுல தலை காட்ட முடியல."

"துணிய இறக்கினா மானம் நிக்கும். வண்டிய இறக்கினா வண்டிதான் நிக்கும். அதுலதான் நான் வாரத்துக்கு மூணு நாள் துணி மூட்டை கொண்டு போறேன். பள்ளிக்கூடத்து யூனிஃபார்மை எல்லாம் தலையில தூக்கிட்டுப் போகவா?"

"உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

"எனக்கு இரக்கம் இருக்கு. உங்களுக்குத்தான் அதுல ஓரெழுத்து தடிச்சுப் போச்சு."

இப்படி மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் அவர் சாப்பிடாமல் இருந்தார் என்று சொல்ல ஆசைதான். சாப்பிட்டார். ஆனால் பெருமூச்சு விட்டுக்கொண்டே சாப்பிட்டார். நாலாம் நாள் மனைவி ஊசியில் நூல் கோர்த்தபடி சொன்னாள்:

"சரி. இறக்கிக்குங்க."

அவருக்குக் காதை நம்ப முடியவில்லை. "நெஜமாவா?"

"ஒரே ஒரு நிபந்தனை. காரை நீங்க எவ்வளவு வேணா இறக்குங்க. ஆனா நான் சொல்ற இடத்துல என்னை இறக்கி விடணும். அந்த இடத்துக்கே கொண்டு போய். அடுத்த தெருமுனையில இல்ல. ஒரே ஒரு தடவை தவறினாலும் வண்டி பழைய உயரத்துக்கு ஏறணும். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

"இவ்வளவுதானா? கையெழுத்தே போடுறேன்!"

அவள் தயாராக வைத்திருந்தாள். அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள். "நான் சொல்லும் இடத்தில் என்னை இறக்கிவிட வேண்டும்" என்று அழகாக எழுதியிருந்தது. அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டார். அவள் அதைக் குண்டூசியால் சுவரில் குத்தி வைத்தாள், கண்ணாடிக்குப் பக்கத்தில், வருகிற வாடிக்கையாளர் எல்லாரும் பார்க்கும்படி.

இரண்டு வாரத்தில் கார் வீட்டுக்கு வந்தது. பாவம், அடையாளம் தெரியவில்லை. புது ஸ்பிரிங், புது சஸ்பென்ஷன், பளபளக்கும் அலாய் சக்கரம். ஐந்து பேர் போகும் நல்ல குடும்பத்துக் கார் அது. இப்போது யாரோ மேலே ஏறி மிதித்த தகர டப்பா மாதிரி இருந்தது. நம்மவர் தெருவில் குப்புறப் படுத்துக்கொண்டு ரசித்தார். அந்த வண்டியை ரசிக்க அந்தக் கோணம்தான் சரி.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன தம்பி, வண்டிக்கு முட்டி வலியா? காலை அகட்டிக்கிட்டு நிக்குது."

"அது ஸ்டைல், அண்ணே. சக்கரத்தைச் சாய்ச்சு வெச்சாத்தான் உள்ள அடங்கும்."

"ஓ. நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். பள்ளத்தைப் பாத்து பயப்படற வண்டிய பணிமனைக்கு அனுப்புவோம். நீங்க கண்காட்சிக்கு அனுப்புறீங்க."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. உயரமான வண்டியிலயே உக்காந்து பழகிட்டீங்க."

"ஆமா தம்பி. எனக்குத் தாழ்வு மனப்பான்மை வரவே இல்ல," என்றபடி உள்ளே போய்விட்டார்.

நம்மவர் இதற்கெல்லாம் அசரவில்லை. அவர் கவலை சுவரில் குத்தியிருந்த தாள். மனைவி எந்த இடம் சொன்னாலும் போய் நிற்க வேண்டுமே! ஒரு நோட்டை எடுத்துக்கொண்டார். நூல் கடை, பொத்தான் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் என்று அவள் போகக்கூடிய இடங்களை எல்லாம் தனியாக ஓட்டிப் பார்த்தார். எந்த ஸ்பீட் பிரேக்கர் எத்தனை விரல், எதைக் குறுக்காக ஏற வேண்டும், எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எல்லாம் குறித்தார். வீட்டு வாசலில் வண்டி இறங்கச் சாய்வாகப் பலகை போட்டார். நடந்தால் கால் மணி நேரத்தில் போகிற மைதானத்துக்கு, மேடே இல்லாத ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர். அந்த வழியிலும் கடைசியில், மைதான வாசலில், ஆமை முதுகு மாதிரி ஒரு மேடு. அதைக் குறுக்காக ஏறினால் ஒரு விரல் இடைவெளியில் தாண்டலாம். மூன்று முறை தாண்டிப் பார்த்துவிட்டார். மூன்று முறையும் தாண்டியது. சோடா டப்பாவை வைத்தும் பார்த்துவிட்டார். மயிரிழையில் முட்டியது.

நாலு வாரம் அவள் சொன்ன இடத்தில் எல்லாம் இறக்கி விட்டார். அவளும் ஒரு கைப்பையோடு ஏறி, ஒரு கைப்பையோடு இறங்கினாள். முதுகைப் பிடித்துக்கொள்வாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு தடவை ஏதோ ஒரு கல்லில் ஏறி இறங்கியதில் பொத்தான் டப்பா கொட்டிவிட்டது. நூற்றுச் சொச்சம் பொத்தானை சீட்டுக்கு அடியில் தேடிப் பொறுக்கினாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை வெற்றி என்று நினைத்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன மனுஷர், மனைவி சும்மா இருப்பதை வெற்றி என்று நினைத்தார்!

கோப்பை நாள் வந்தது. காலையில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க, நானும் வரேன்."

"எங்க?"

"மைதானத்துக்குத்தான். உள்ளயே நாடக அரங்கம் இருக்குல்ல, அதோட வாசல்ல என்னை இறக்கி விடுங்க. தைச்ச திரையைக் குடுக்கணும். அப்படியே உங்க கோப்பையையும் பாக்கறேன்."

அவருக்குப் புல்லரித்துவிட்டது. மனைவி கண் முன்னால் கோப்பை வாங்குவது! "வா வா, ஏறு!" என்றார்.

திரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேடை முழுக்க மறைக்கிற வெல்வெட் திரை, இரட்டை மடிப்பு, அடியில் ஈயக் குண்டு வைத்துத் தைத்தது. பஸ் டிரைவர் ஒரு முனை, அவள் ஒரு முனை, நம்மவர் நடுவில். மூட்டையாக ஐந்து. பின் சீட் நிறைந்தது, டிக்கி நிறைந்தது. கார் பூனை பதுங்குவது போலப் பதுங்கியது.

"இவ்வளவுமா?" என்றார் அவர்.

"நான் தனியா வருவேன்னு எழுதியிருக்கா? போய்ப் படிச்சுப் பாருங்க."

போய்ப் பார்க்க நேரமில்லை. பலகையில் இறங்கும்போதே அடியில் 'டங்' என்றது. திருப்பத்தில் டயர் மட்கார்டைத் தேய்த்து 'கர்ர்' என்றது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் மலரும். இன்றைக்கு ஒவ்வொரு 'கர்ர்'ருக்கும் அவர் பல்லும் சேர்ந்து கர்ர் என்றது. ஒன்பது கிலோமீட்டரும் இதே கச்சேரி. மைதானத்து வாசலில் பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பதான் வர்றீங்களா? நான் நடந்து வந்து டீ குடிச்சாச்சு."

நம்மவர் ஆமை முதுகைக் குறுக்காகப் பிடித்தார். முன் சக்கரம் தாண்டியது. அப்புறம் 'படக்' என்று ஒரு சத்தம். வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சும்மா சுற்றியது. கார் அசையவில்லை. கப்பல் தரை தட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தரைதட்டியே தரை தட்டி அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பின்னால் இன்னும் ஏழு தரைதட்டிகள் உள்ளே போக முடியாமல் ஹாரன் அடித்தன.

மனைவி உள்ளே உட்கார்ந்து ஏதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "வந்துடுச்சாங்க?"

"வந்துடுச்சு."

"இதுவா அரங்கத்து வாசல்?"

"அதோ தெரியுதே. இருபதடி. இறங்கி நடந்துக்கோயேன்."

"இறங்கறது வேற, இறக்கறது வேற. எழுதினது இறக்கறது. நானா இறங்கினா அது நான் செஞ்சது. நீங்க கொண்டு போய் விட்டாத்தான் நீங்க இறக்கினது."

"இலக்கண வகுப்பா நடத்துற?"

"கையெழுத்து போட்டது நீங்க."

அதற்குள் பள்ளம் ஓடி வந்தார். கையில் சோடா டப்பா. குனிந்தார். டப்பா முட்டியது. தீப்பெட்டியைத் தள்ளினார். முட்டியது. பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்துச் செருகினார். அதுவும் நுழையவில்லை. எழுந்து கார்டைத் தூக்கிக் காட்டினார்.

"சார்! கார்டு நுழையல சார்! காத்துகூட நுழையாது! பதினோரு வருஷமா சங்கம் நடத்துறேன், இப்படி ஒரு நிலையைப் பாத்ததில்ல!"

தரைதட்டிகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருவர் படுத்துப் பார்த்தார். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உரசுச்சா?" என்று ஒருவர் கேட்க, "உக்காந்தே போச்சு!" என்று இன்னொருவர் சொல்ல, கைதட்டல். வண்டி மாட்டிக்கொண்டு நிற்கிறது, கை தட்டுகிறார்கள்! இப்படியும் மனிதர்கள்.

"கோப்பை உங்களுக்குத்தான்," என்றார் பள்ளம். "ஆனா விதிப்படி வண்டி கோட்டுக்குள்ள வந்து நிக்கணும். அங்கதான் கடைசி அளவு. நாங்க பத்து பேர் தள்ளுறோம். உள்ள இருக்கறவங்க மட்டும் இறங்கிடுங்க."

நம்மவர் ஜன்னலுக்கு ஓடினார். "இறங்கும்மா."

"யோசிச்சு சொல்றீங்களா? நான் இங்க இறங்கினா ஒப்பந்தம் போச்சு."

"போனா போகட்டும்! கோப்பை வருது! கோப்பை வாங்கின வண்டிய எவனாவது ஏத்தச் சொல்லுவானா? இறங்கு, இறங்கு!"

"நான் இறங்கினா என் துணியும் இறங்கும்."

"எல்லாம் இறங்கட்டும்!"

அவள் பஸ் டிரைவரைப் பார்த்தாள். "அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லா கேட்டேம்மா," என்றார் அவர். அதற்குத்தான் நடந்து வந்திருப்பார் போல.

அவள் இறங்கினாள். வண்டி அரை விரல் எழுந்தது. அரங்கத்துக் காவலாளியும் இன்னொருவரும் வந்து மூட்டைகளைத் தோளில் தூக்கினார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது, ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை விடுவது போல. ஐந்தாவது மூட்டை வெளியே வந்ததும் ஸ்பிரிங் 'க்ளக்' என்றது. வயிறு மேட்டை விட்டு எழும்பியது. தள்ள ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. நம்மவர் தானே ஓட்டிக்கொண்டு போய்க் கோட்டுக்குள் நிறுத்தினார்.

பள்ளம் சோடா டப்பாவை வைத்தார். ஒரு தட்டுத் தட்டினார். டப்பா ஒரு பக்கம் நுழைந்து, அடியில் நிதானமாகப் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து நின்றது. அந்தப் பக்கம் பஸ் டிரைவர் அதை எடுத்து, "தாகமா இருந்துச்சு," என்று திறந்தார்.

ஒன்பது கிலோமீட்டர் ஈயக் குண்டைச் சுமந்து அழுந்திய ஸ்பிரிங், பாரம் போன சந்தோஷத்தில் முன்பைவிட ஒரு விரல் தூக்கி நின்றது போல. பள்ளம் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம் கல்லாகிவிட்டது.

"மூட்டை வெச்சு இறக்கறதெல்லாம் லாரிக்காரன் வேலை சார். ஒட்டகத்தை ஓரமா நிறுத்துங்க. பின்னால வண்டிங்க வருது."

கோப்பை வேறு ஒருவருக்குப் போனது. அவர் வண்டி அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. வாழ்த்துகள் சொன்னார்கள்.

நம்மவர் அரங்கத்து வாசல் படியில் போய் உட்கார்ந்தார். உள்ளே காவலாளியின் குரல் கேட்டது. "அக்கா, திரைய வியாழக்கிழமைதானே கொண்டாரச் சொன்னேன்? ஞாயித்துக்கிழமை மாட்ட ஆள்கூட இல்லையே."

"கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, தம்பி," என்றது மனைவியின் குரல்.

அவள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணும்னேதானே?" என்றார் அவர்.

"அளவு எடுக்கத் தெரியாதவங்ககிட்ட வேற என்ன செய்ய? மூணு தடவை ஓட்டிப் பாத்தீங்களே, மூணு தடவையும் தனியாத்தானே போனீங்க? அது நின்னு எடுத்த அளவு. உக்காத்தி வெச்சு எடுத்தாத்தானே தெரியும்? தினம் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளயும் 'எட்டு பேர்தான்'னு பலகை மாட்டறவர் நீங்க. உங்க வண்டிக்கு மட்டும் பாரமே ஏறாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் ஓரமாக நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த மேட்டுல நிக்கறப்ப நான்தான் தோத்திருக்கணும்."

"ஏன்?"

"என்னை உள்ளயே உக்கார வெச்சுட்டு, திரையை மட்டும் இறக்கியிருந்தீங்கன்னா வண்டி கிளம்பியிருக்கும். இருபதடிதான். என்னை இந்த வாசல்லயே இறக்கியிருக்கலாம். ஒப்பந்தம் உங்க பக்கம். எங்க உங்களுக்கு அது தோணிடுமோன்னு பயந்துக்கிட்டே பொத்தான் தைச்சேன். பாருங்க, சட்டையோட சேத்து என் முந்தானை நுனியையும் தைச்சுட்டேன்."

அவர் குனிந்து அந்தத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை கார் பழைய உயரத்துக்கு ஏறியது. நாலு விரல் இடைவெளி, ஒன்று குறையாமல். மனைவி டேப் வைத்துத் தானே அளந்து பார்த்தாள். பின் சீட்டில் பஸ் டிரைவரையும் இரண்டு மூட்டையையும் உட்கார வைத்து இன்னொரு தடவை அளந்தாள்.

வியாழக்கிழமை நம்மவர் அதே அலுவலகக் கட்டடத்தில், லிஃப்டுக்குள், பொத்தான் பலகையைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். கோப்புக் கட்டோடு ஓர் அம்மாள் அவசரமாக ஏறினாள்.

"சார், இது மேல போகுதா, கீழ போகுதா?"

"ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார் அவர், ஃபோனை எடுத்துக்கொண்டே. "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்."